பெரியப்பாவைத் தொடாதே

இன்று காலை அந்த வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு மட்டும் ஒருவரிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது, அப்பாவிடமிருந்து. மற்ற இருவரும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் என்று போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். படிக்காதவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஒரு சின்னக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி துறைத் தலைவி. மகள் அதே துறையில் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு வீட்டில் பெயர் மிளகு. ஆள் சிறிசு, காரம் பெரிசு என்று அப்பா வைத்த செல்லப் பெயர், கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. அம்மாவின் வாயில் மட்டும் கல்லூரியில் அந்தப் பெயர் வராது. கேட்டைத் தாண்டிவிட்டால் மகள் அவளை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், அம்மா மகளை ரோல் நம்பரால்தான் கூப்பிடுவாள். முதல் நாளே போட்ட சட்டம் இது.

போன வாரம் லேபில் மிளகு ஒரு காரியம் செய்தாள். மூன்று தடவை செய்து பார்க்க வேண்டிய சோதனையை இரண்டு தடவை செய்துவிட்டு, மூன்றாவது அளவைச் சொந்தக் கற்பனையிலிருந்து எழுதிவிட்டாள். உலகத்தில் எல்லா மாணவர்களும் செய்வதுதான். ஆனால் எல்லா மாணவர்களுக்கும் இப்படி ஓர் அம்மா இல்லையே! வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, "ஒன்பதாம் நம்பர், வந்ததை எழுது. வராததை எழுதாதே" என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து மிளகுக்கு வீட்டிலும் அவள் மேடம்தான்.

"மேடம், அந்தச் சர்க்கரை டப்பாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்றீங்களா?"

அம்மா தள்ளினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வலிக்காமல் இருக்குமா? வலித்தது. அதைச் சொல்கிற பழக்கம்தான் அவளுக்குக் கிடையாது.

"ஏம்மா, பெத்தவளை மேடம்னு கூப்பிட்டா நான் யாரு, சாரா?" என்றார் அப்பா. "சாருன்னா சொல்லு, டை கட்டிக்கிட்டுக் கடைக்குப் போறேன்." கல்லூரி கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். யார் எந்தப் பாடத்தில் பாஸ், யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் பிரின்சிபலுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

"நீங்க அப்பாதான். நீங்க ஒண்ணும் எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கலையே."

அம்மா டீயைக் கீழே வைத்தாள். "என்ன, இன்னிக்கு நீங்க ரொம்பப் பேசறீங்க?"

"நானா? எப்பவும் போலத்தான்."

"எப்பவும் இவ்வளவு பேசமாட்டீங்க. எதையாவது மறைக்கறப்போதான் பேசுவீங்க."

அப்பாவுக்குப் புரை ஏறியது. மிளகு எழுந்து போய்த் தட்டைக் கழுவ ஆரம்பித்தாள். கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

விஷயம் இருந்தது. அது அம்மாவுக்குத் தெரியாது.

இன்று கல்லூரிக்கு ஆய்வுக் குழு வருகிறது, அதுவரைக்கும் அம்மாவுக்கும் தெரியும். ஒரு துறை நடக்க வேண்டுமென்றால் பதினைந்து மாணவர்களாவது இருக்க வேண்டும். அம்மாவின் துறையில் இந்த ஆண்டு புதிதாக யாரும் சேரவில்லை, மூத்தவர்கள் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் மிளகையும் சேர்த்து ஒன்பது பேர். குறைந்தால் துறையை மூடிவிடுவார்கள். ஒன்பது பேரையும் பாதிப் படிப்பில் எங்கெங்கோ பிரித்து அனுப்புவார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த லேபில் நின்ற அம்மா வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

பிரின்சிபல் நேற்று அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். "காமர்ஸ்லேருந்து ஆறு பேரைப் பிடிச்சு உட்கார வைங்க மேடம். வெள்ளைக் கோட்டு போட்டா யார் எந்தத் துறைன்னு யாருக்குத் தெரியும்? ஒரு மணி நேரக் கூத்து. எல்லா இடத்துலயும் நடக்கறதுதான்."

"என்னால முடியாது சார்" என்றாள் அம்மா. "ஒன்பது பேர்தான்னு சொல்லப் போறேன். ஒரு வருஷம் அவகாசம் கேக்கப் போறேன்."

"குடுக்கலேன்னா?"

"குடுக்கலேன்னா இல்ல."

பிரின்சிபல் சிரித்துக்கொண்டார். சிலர் சிரித்தால் நமக்குச் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ளத் தோன்றும், அந்த ரகம். அரை மணி நேரம் கழித்து நூலகப் படிக்கட்டில் மிளகைப் பிடித்தார்.

"உங்கம்மா பிடிவாதத்துல வேலையைத் தூக்கிப் போடறாங்கம்மா. நீ நினைச்சா காப்பாத்தலாம். காகிதமெல்லாம் நான் பாத்துக்கறேன். ஆறு ஆள், ஆறு கோட்டு, அது உன் பொறுப்பு. நான் சொன்னேன்னு மட்டும் எங்கேயும் வாயைத் திறக்காதே."

மிளகு யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். முடியாது என்று சொல்லத்தான் இருந்தாள். புத்தகப் பையை எடுக்க லேபுக்குப் போனபோது, உள்ளே அம்மா தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பழைய பாட்டில்களில் எழுத்து அழிந்துபோன சீட்டுகளைக் கிழித்துவிட்டு, அடுத்த வருடப் பிள்ளைகளுக்காகப் புதிது எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் என்று ஒன்று உண்டா என்றே தெரியாது. ஒவ்வொரு பாட்டிலாகத் துடைத்து, எழுதி, ஒட்டி, அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

 அம்மா மீதிருந்த கோபம் கோபமாகவே இருந்தது, பாசம் அதற்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நேராக அப்பாவின் கடைக்குப் போனாள்.

படிப்பு முடிந்து போகிறவர்கள் தங்கள் லேப் கோட்டை அப்பா கடையில் விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிற பிள்ளைகளில் யாருக்குத் தேவையோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இந்த வருடம் எடுக்க ஆளில்லாமல் கோட்டுகள் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன.

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுது, என்னை நாலா மடிச்சு மெஷினுக்குள்ள விட்டுடுவா" என்றார் அப்பா.

"தெரியாம பாத்துக்கலாம்ப்பா."

"தப்புதானே மிளகு இது?"

"தப்புதான். வேலை போனா அம்மா என்ன ஆவாங்கன்னு யோசிச்சீங்களா?"

அப்பா யோசித்தார். இருபத்திரண்டு வருடமாக விடிந்ததும் அவசர அவசரமாகக் கிளம்புகிறவள், ஒரு நாள் கிளம்பாமல் சமையலறையில் நிற்பதை நினைத்துப் பார்த்தார். ஆறு கோட்டையும் எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டார்.

இப்போது, காலையில், மிளகு வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "வர்றேன் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

லேபில் காமர்ஸ் பிள்ளைகள் ஆறு பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல நெளிந்துகொண்டு நின்றார்கள். அதில் நெட்டை என்று ஒருவன். கை நீளத்துக்குக் கோட்டு போதவில்லை, முழங்கையோடு நின்றுவிட்டது.

"இது பிப்பெட். இது ப்யூரெட். மாத்திச் சொல்லித் தொலைக்காதே" என்று மிளகு அதட்டினாள். "ஆசிடைப் பத்திக் கேட்டா?"

"ஆசிடைத் தண்ணியில ஊத்தணும். தண்ணியை ஆசிட்ல ஊத்தக் கூடாது. ஊத்தினா தெறிக்கும்" என்றான் நெட்டை. "எங்க டிபார்ட்மென்ட்ல இந்த வம்பே கிடையாது. கணக்கைத் தப்பா போட்டா யார் மூஞ்சியும் வேகாது."

"வாயை மூடிக்கிட்டு நின்னாலே போதும். மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக் கூடாது, யார் கேட்டால் என்ன பதில், எல்லாவற்றையும் ஒப்பிக்க வைத்தாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பெரியப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை.

பெரியப்பா என்பது அந்த லேபில் ஜன்னலோரக் குழாய். தொட்டால் போதும், சுற்றி இருக்கிற நாலு பேர் மேல் எரிந்து விழும். கீழே கொட்டாது, பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்கும். பெரியப்பாவைத் தொடாதே என்பதுதான் அந்தத் துறையில் சேருகிறவர்களுக்கு முதல் பாடம். கை தெரியாமல் அந்தப் பக்கம் போனாலே வகுப்பு முழுக்க ஓரடி பின்னால் நகர்ந்துவிடும். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கால் தானாக நகரும். பழகிப் பழகி அப்படி ஒரு குழாய் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. மறந்துபோனதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அம்மாவைப் பிரின்சிபல் தன் அறையிலேயே பிடித்து வைத்திருந்தார். அந்தக் கோப்பு எங்கே, இந்தக் கையெழுத்து எங்கே என்று இல்லாத வேலையெல்லாம் கொடுத்தார். ஆய்வுக் குழுத் தலைவி வந்த பிறகுதான் மூவருமாக லேபுக்குக் கிளம்பினார்கள். தலைவி வயதான அம்மாள். சன்னமான குரல், அவசரமே இல்லாத நடை.

அம்மா கதவைத் தள்ளினாள்.

பதினைந்து வெள்ளைக் கோட்டுகள் எழுந்து நின்றன.

"வணக்கம் மேடம்!"

அம்மாவின் கை கதவிலேயே இருந்தது. அவளுக்கு எண்ணிப் பார்க்கத் தேவையில்லை.

"பதினஞ்சு பேர். எல்லாரும் ஆஜர்" என்றார் பிரின்சிபல், பின்னாலிருந்து, தேன் ஒழுக.

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் நெட்டையின் கோட்டு கண்ணில் பட்டது. பையோரம் ஆசிட் பட்டுப் பொத்தலான கோட்டு. போன வருடம் படித்துவிட்டுப் போன பெண்ணுடையது. நேற்று முன்தினம்கூட அதைப் பார்த்திருக்கிறாள். கணவன் கடையில், ஆணியில் தொங்கியது.

காலையில் அப்பாவுக்கு ஏன் புரை ஏறியது, மகள் ஏன் ஒரே தட்டை இரண்டு தடவை கழுவினாள், எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. திரும்பி மிளகைப் பார்த்தாள். மிளகின் கண், சொல்லாதீங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

இப்போது உண்மையைச் சொன்னால் துறை போகும், அது அவள் எதிர்பார்த்ததுதான். கூடவே மகளும் போவாள். ஆள் மாறாட்டம் செய்த மாணவியை எந்தக் கல்லூரி வைத்துக்கொள்ளும்?

அம்மா வாயை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் அவள் விழுங்கிய முதல் வார்த்தை அது. நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

தலைவி மேஜை மேஜையாக நகர்ந்தார். இரண்டு பேரிடம் பாடம் கேட்டார். நிஜப் பிள்ளைகள், டாண் டாண் என்று சொன்னார்கள். மூன்றாவதாக ஒரு காமர்ஸ் பெண்ணிடம் போனார். மிளகு அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தாள்.

"ஆசிடை எப்படிம்மா கலக்கணும்?"

"தண்ணியில ஆசிடை ஊத்தணும் மேடம். மெதுவா."

"நல்லது."

மிளகு மூச்சு விட்டாள். பிரின்சிபல் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "டீ தயாரா இருக்கு, போலாமா?" என்றார்.

"போலாம்" என்ற தலைவி மேஜையிலிருந்து ஒரு குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அடியில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. எதிரே இருந்தவனிடம் நீட்டினார். "தம்பி, இதைக் கொஞ்சம் கழுவி வையேன்."

நெட்டைக்கு முகம் மலர்ந்துவிட்டது. பாவம், காலையிலிருந்து அவனுக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான்! குடுவையை வாங்கிக்கொண்டு, கெமிஸ்ட்ரியிலேயே பிறந்து வளர்ந்தவன் போல, பக்கத்தில் இருந்த குழாயை நோக்கி நடந்தான்.

ஜன்னலோரக் குழாயை நோக்கி.

எட்டுப் பேர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். தானாக, ஒன்றாக. மற்ற ஐந்து காமர்ஸ் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்று, இவர்கள் ஏன் நகர்கிறார்கள் என்று முழித்தார்கள்.

"டேய், பெரியப்பாடா!" மிளகு பாய்ந்தாள்.

அவள் போய்ச் சேருவதற்குள் அவன் திருகிவிட்டான்.

பெரியப்பா சீறினார். முதல் அடி நெட்டையின் முகத்தில், அடுத்தது வரிசையாக நின்ற ஐந்து பேர் மேல். மிளகு அவனைத் தள்ளிவிட்டுக் குழாயை இரண்டு கையாலும் பொத்தினாள். அது விரல் இடுக்கில் புகுந்து அவள் தலை, தோள், கோட்டு என்று அபிஷேகமே செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகித் திருகி ஒருவழியாக மூடினாள்.

பிறகு சொட்டு சத்தம் மட்டும் கேட்டது.

தலைவி தரையைப் பார்த்தார். ஈரம் ஒரு பக்கம், காய்ந்த தரை ஒரு பக்கம். ஈரத்தில் நிற்பவர்களைப் பார்த்தார். சுவரோரம் ஒதுங்கி நின்ற எட்டுப் பேரைப் பார்த்தார்.

"இந்தக் குழாய் எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"மூணு வருஷமா" என்றாள் அம்மா. "ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

பிரின்சிபல் தொண்டையைக் கனைத்தார்.

"அப்போ இங்கே படிக்கிற எல்லாருக்கும் இது தெரிஞ்சிருக்கும்" என்றார் தலைவி, தனக்குத்தானே சொல்வது போல. பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "மேடம், இதுல உங்க பசங்க யாரு?"

பிரின்சிபல் முகத்தில் ஈயாடவில்லை. நெட்டையின் மூக்கு நுனியில் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட அவனுக்குத் துணிவில்லை. மிளகு தலையை அசைத்தாள், வேண்டாம் என்று.

அம்மா மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் மறுபடி மூடிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"நனையாம நிக்கிறவங்க" என்றாள்.

தலைவி எண்ணினார். "எட்டுப் பேர்தான் வருது."

"இன்னொருத்தி இருக்கா. மொத்தம் ஒன்பது."

"எங்கே?"

அம்மா இப்போது திரும்பினாள். தலைமுடி முகத்தில் ஒட்டிக்கொள்ள, குழாயை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தாள்.

"இதோ, நனைஞ்சு நிக்கிறாளே. இவ என் பொண்ணு."

கல்லூரிக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த அறையில், அந்த வாயிலிருந்து, அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. மிளகுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகம்தான் ஏற்கெனவே ஈரமாக இருந்ததே, யாருக்கும் தெரியவில்லை.

"சரி" என்றார் தலைவி. "மிச்சம் ஆறு பேரை யார் கூட்டிட்டு வந்தது?"

பிரின்சிபல் முந்திக்கொண்டார். "மேடமுக்குத் துறை மேல பாசம் அதிகம். ஏதோ ஆர்வக் கோளாறுல செஞ்சுட்டாங்க போல. நான் எவ்வளவோ சொல்லியும்..."

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழி தன் மேல் விழுந்தால் மகள் தப்பிப்பாள் என்று சட்டென்று உறைத்தது. உள்ளுக்குள் கொதித்தது, அப்படியே நின்றாள்.

மகள் விடவில்லை.

"பொய்!" மிளகின் குரல் அறையை அறைந்தது. "அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. கதவைத் திறந்தப்புறம்தான் பாத்தாங்க. நான்தான் கூட்டிட்டு வந்தேன்."

"நீயாவா கூட்டிட்டு வந்தே?" தலைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டீக்குப் போகிற எண்ணம் அவருக்கு இப்போது இல்லை என்று தெரிந்தது. "இல்ல, யாராவது சொல்லிச் செஞ்சியா?"

பிரின்சிபல் மிளகைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே பார்த்தார். நேற்று படிக்கட்டில் சிரித்த அதே சிரிப்பு. வாயைத் திறந்தால் நீயும் இருக்க மாட்டாய், உன் அம்மாவும் இருக்க மாட்டாள் என்றது அது. எதிர்க் கடையில் கோட்டை மடித்துக் கொடுத்த அப்பாவையும் அந்தச் சிரிப்பு விட்டுவைக்காது என்று மிளகுக்குத் தோன்றியது.

குழாயிலிருந்து கையை எடுத்தாள்.  அவள் தேடியது ஒரே ஒரு முகத்தைத்தான்.

"அம்மா."

ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த வார்த்தை. அந்தக் கேட்டுக்குள் அது வருவது இதுதான் முதல் தடவை.

"அம்மா, வந்ததை மட்டும் சொல்லவா?"

அம்மா தன் கோட்டைக் கழற்றினாள். ஈரத் தரையில் நடந்து வந்து மகளின் தோளில் போட்டு, கழுத்துப் பொத்தானையும் போட்டுவிட்டாள், குளிர் நாளில் பள்ளிக்கு அனுப்பும்போது போட்டுவிட்டது போல. பிரின்சிபல் இருக்கும் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"சொல்லு, மிளகு" என்றாள்.